முதுகில் மண் ஒட்டினால் தோல்வியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நாம் வாரந்தோறும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரப் போகும் காலனியில், நூலகத் திண்ணையில் ஏழெட்டுப் பையன்கள் ஒரே செல்போன் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். கிரிக்கெட்டாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தோம். கிரிக்கெட் இல்லை. கம்பி வலைக் கூண்டுக்குள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். இன்னொருவர் மேலே கவிந்து குத்து மேல் குத்தாக விடுகிறார். கதை முடிந்தது என்று நாம் நினைத்த நேரத்தில், மேலே இருந்தவர் திடீரென்று கையால் தரையைப் படபடவெனத் தட்டுகிறார். நடுவர் பாய்ந்து விலக்குகிறார். கீழே கிடந்தவரின் கையைத் தூக்கி, வென்றவர் இவர் என்று அறிவிக்கிறார்கள்.

பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். “அண்ணே, கீழ கெடந்தவன் எப்படிண்ணே ஜெயிச்சான்?”

அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அவன் ஏன் கேட்டான் என்பது தெரியும். அவன் நல்ல கபடி வீரன். பாடி வருகிறவனின் கணுக்காலைக் குனிந்து பிடித்தால் விடமாட்டான். சில வாரங்களுக்கு முன் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது, “காலைப் பிடிச்சுத் தொங்குறது காலனி ஆட்டம், நெஞ்சுக்கு நேரா நின்னு ஆடுடா” என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டார்கள். கணுக்கால் பிடி கபடியின் விதிக்கு உட்பட்டது, பெரிய பெரிய போட்டிகளில் எல்லாம் ஆடப்படுவது என்பது சொன்னவருக்கும் தெரியும். ஆகவே அங்கே குறை சொல்லப்பட்டது பிடியைப் பற்றி அல்ல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது நமக்குக் கிடைத்தது பிரேசில் நாட்டின் ஒரு கதை. கூண்டுச் சண்டை என்று நம் பிள்ளைகள் சொல்லும் கலப்புத் தற்காப்புப் போட்டியின் தரைச் சண்டைக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்த வேரைத் தோண்டினால் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு வாசனை அடிக்கிறது.

முதலில் தரைச் சண்டை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

நம் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. நம் மொழியிலும் அதே கணக்குதான். தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்கிறோம். தோல்வியை ஒப்புக்கொள்ளாதவனைக் கேலி செய்யும்போதுகூட, குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான் பார் என்கிறோம். மண் ஒட்டினால் முடிந்தது என்பது நம் புத்தியில் ஊறிய விஷயம். தரைச் சண்டையோ முதுகில் மண் ஒட்டிய பிறகுதான் தொடங்குகிறது.

மல்லாந்து கிடப்பவர் தன் இரண்டு கால்களையும் தூக்கி, மேலே வருகிறவரின் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கொள்கிறார். இதற்குக் கார்டு என்று பெயர். பார்க்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர் மாட்டிக்கொண்டதுபோலத் தெரியும். உண்மையில் மாட்டிக்கொண்டவர் யார் என்பது இனிமேல்தான் தெரியும். ஒரு குத்தின் பலம் கையில் இல்லை. ஊன்றிய காலிலிருந்து கிளம்பி, இடுப்பு வழியாகத் திரும்பித் தோளுக்கு வருகிறது. இடுப்பைக் கட்டிப்போட்டுவிட்டால் அந்தப் பலம் பாதியாகக் குறைந்துவிடும். மேலே இருப்பவர் விழாமல் இருக்கக் கால்களை ஊன்றியாக வேண்டும்; சண்டைக்கு அவருக்கு மிஞ்சுவது இரண்டு கைகள். கீழே இருப்பவருக்கோ முதுகைத் தரை தாங்குகிறது. அவருக்கு இரண்டு கை, இரண்டு கால், நான்கும் சண்டைக்கு உண்டு.

இதில் தூரம்தான் முக்கியம். அடிக்கிறவரை ஒன்று நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது பாதங்களை அவர் இடுப்பில் வைத்து எட்டாத தூரத்துக்குத் தள்ள வேண்டும். நடுவில் இருந்தால் முகம் வீங்கிவிடும். அப்படிக் கட்டுவதும் தள்ளுவதுமாக இருக்கையில், மேலே இருப்பவர் ஒரு கையைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே நீட்டுவார். அதுதான் தருணம். அந்தக் கையையும் கழுத்தையும் சேர்த்து இரண்டு தொடைகளுக்கு நடுவே முக்கோணமாகப் பூட்டிவிடுவார் கீழே இருப்பவர். பூட்டப்பட்டவரின் கழுத்தை ஒரு பக்கம் எதிராளியின் தொடை அழுத்தும். மறுபக்கம் அழுத்துவது அவருடைய சொந்தத் தோளேதான். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட, பத்து வினாடி வாக்கில் நினைவு தப்பிவிடும். அதற்கு முன்பே தரையையோ எதிராளியின் உடம்பையோ தட்டினால், தோற்றேன் விட்டுவிடு என்று பொருள். அன்று செல்போனில் நம் பையன்கள் பார்த்தது இதைத்தான்.

எதிராளி நெஞ்சின் மேலேயே குதிரை ஏறியதுபோல உட்கார்ந்துவிட்டால் நிலைமை மோசம். அப்போதும் கைகால்களை உதறி அவரைத் தூக்கி எறியப் பார்க்கக் கூடாது, மூச்சுதான் வீணாகும். முழங்கையை நடுவே முட்டுக் கொடுத்து, இடுப்பை ஒருபக்கமாக நழுவவிட்டு, ஒரு சாண் இடம் உண்டாக்க வேண்டும். அந்த ஒரு சாணில் முழங்காலை நுழைக்க வேண்டும். இறால் உடம்பை மடக்கிப் பின்னோக்கித் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள்; இந்த அசைவுக்கு ஆங்கிலத்தில் பெயரே இறால்தான். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் முதல் நாள் பாடம் இது. தன் மேல் இருக்கிற பாரத்தைத் தூக்க முடியாதவன் தன்னை நகர்த்திக்கொள்ளலாம் என்பது எளிய இயற்பியல்.

சரி, இதை யார் கண்டுபிடித்தார்கள், யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

கடலோரமும் ரயிலோரமும்

மித்சுயோ மாயேதா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. செல்வாக்குள்ள குடும்பம். கார்லோசும் அவர் தம்பிமாரும் ரியோ டி ஜெனிரோ நகரில் பள்ளி நடத்தினார்கள். தம்பிகளில் ஒருவரான எலியோ கிரேசி ஒல்லியான உடம்புக்காரர். பலத்தை நம்ப முடியாதவர் என்பதால் நெம்புகோல் தத்துவத்தை நம்பினார். இன்று பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று உலகம் அறிந்த கலை இவர்கள் கையில் வளர்ந்தது. வலுவற்றவன் வலுத்தவனை வெல்லும் கலை என்றுதான் அவர்கள் அதை விளம்பரப்படுத்தினார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் பெரும்பாலும் தனித்தனி வகுப்பாக, கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுக்காரர்களுக்கு நடந்தது. வலுவற்றவனின் ஆயுதம் என்று பெயர் எழுதி, வசதியானவனின் அலமாரியில் வைத்த கதை.

பிரேசில் எப்படிப்பட்ட நாடு என்பதையும் மறக்கக் கூடாது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக இறக்கிய நாடு அது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக, 1888-ல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890-ன் தண்டனைச் சட்டம் கறுப்பின மக்களின் கப்போய்ரா கலையைக் குற்றம் என்று அறிவித்தது. உடம்பு விடுதலையானது, அந்த உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற வித்தைக்குத் தடை வந்தது. அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைப் பார்த்து 1972-ல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை. கடல் தாண்டியும் சில கதைகள் நமக்குப் பழகிய கதைகளாக இருக்கின்றன.

ரியோவின் அமைப்பு இப்படி. தெற்கே கடற்கரை, கோப்பகபானா, இப்பனேமா என்று பணக்காரப் பகுதிகள். வடக்கே ரயில் பாதையை ஒட்டி நீளும் புறநகர்கள், உழைப்பாளி மக்கள் வாழும் இடங்கள். அங்கே புறநகர்க்காரன் என்பதற்கு ‘சுபுர்பானோ’ என்று சொல். அகராதியில் அது வெறும் இடப்பெயர்ச்சொல். சொல்லுகிற வாயைப் பொறுத்து வசைச்சொல். தமிழ் படித்த நமக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை என்று ஒரு பகுதியே உண்டு. சேரி என்பது அங்கே மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பிற்பாடு அந்தச் சொல்லுக்கு என்ன செய்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ரயில் பாதைப் புறநகர்களில் ஒன்று பென்டோ ரிபெய்ரோ. கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு: உலகக் கோப்பை வென்ற ரொனால்டோ, அந்தப் பிரேசில் ரொனால்டோ, வளர்ந்த இடமும் அதுதான். அங்கே பிறந்தவர் ஒஸ்வால்டோ ஃபத்தா. கடற்படையில் இருந்தபோது, மாயேதாவின் வழியில் வந்த லூயிஸ் ஃபிரான்சாவிடம் ஜியு-ஜிட்சு கற்றார். கிரேசி குடும்பத்துக்கும் இவருக்கும் குரு வழியில் தொடர்பில்லை. கற்றதை ஃபத்தா என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பொதுத் திடல்களிலும் கடற்கரையிலும் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலும், பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். 1950-ல் பென்டோ ரிபெய்ரோவிலேயே பள்ளி தொடங்கினார்.

அவர் பள்ளியில் ஒரு தனித்தன்மை இருந்தது. காலைப் பிடிப்பது. எதிராளியின் பாதத்தை அக்குளில் இடுக்கி, முன்கை எலும்பைக் குதிகால் நரம்புக்கு அடியில் கொடுத்து, உடம்பைப் பின்னால் வளைத்தால் கணுக்கால் கதறும். கபடியில் கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிறோம். இதில் பிடித்துப் பூட்டுகிறார்கள். கிரேசி பள்ளியில் இதற்கு மதிப்பில்லை. கழுத்தைப் பிடிப்பதும் கையைப் பூட்டுவதும்தான் அவர்களுக்குக் கௌரவமான வித்தை.

1950-களின் நடுவில் ஃபத்தா பத்திரிகை வழியாகக் கிரேசிகளுக்குச் சவால் விட்டார். அவர்கள் ஏற்றார்கள். போட்டி நடந்ததும் கிரேசி பள்ளியிலேயேதான். புறநகர்ப் பையன்கள் ரயில் ஏறி நகரத்துக்குள் வந்து, கணுக்கால் பூட்டுகளைப் போட்டு, அதிக ஆட்டங்களை வென்று திரும்பினார்கள். தோற்ற தரப்பில் அந்தப் பிடிக்குக் கிடைத்த பெயர், ‘சுபுர்பானோ வித்தை’. புறநகர்க்காரன் வித்தை. சேரி ஆட்டம்.

இதைப் படித்தபோது நாம் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். எழுபது ஆண்டுகள், ஒரு பெருங்கடல், இரண்டு மொழிகள் தாண்டி, அதே வாக்கியம். பிடித்த இடமும் அதே கணுக்கால்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எலியோ கிரேசி கோழை அல்ல. சவாலை மறுக்காமல் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார், தோல்வியையும் ஒப்புக்கொண்டார். நம் ஊரில் எத்தனை பேர் போட்டிக்கே கூப்பிடமாட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலைக்காரன் மூன்றரை மணி நேரம் நின்றான்

அதே காலத்தில் இன்னொரு மனிதர். வால்டெமார் சந்தானா. பாயியா மாநிலத்தின் சால்வடார் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். கிரேசி பள்ளியில் வேலையாளாகவும் மாணவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். பயிற்சி உடைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நல்ல சண்டைக்காரர். எலியோவுக்கும் அவருக்கும் மனக்கசப்பு வந்து வெளியேறினார். காரணம் பற்றிக் கதைகள் பல விதமாக உலவுகின்றன. விளைவு ஒன்றுதான்: 1955 மே 24 அன்று ரியோவில் பழைய முதலாளியும் பழைய வேலையாளும் நேருக்கு நேர் மோதினார்கள்.

சண்டை மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. இடைவேளை கிடையாது. சந்தானா வயதில் பதினாறு ஆண்டு இளையவர், எடையிலும் நிறைய கூடுதல். எலியோ பெரும்பகுதி கீழே கிடந்தபடிதான் சண்டை போட்டார்; தரைச் சண்டையின் நுட்பம் அத்தனையும் தெரிந்த மனிதர் என்பதால்தான் அவ்வளவு நேரம் தாங்கினார். முடிவில் சந்தானா அவரைத் தூக்கி அடித்து, எழ முயன்றபோது தலையில் உதைத்து முடித்தார். இன்றைய விதிப்படி தரையில் இருப்பவரின் தலையில் உதைப்பது குற்றம். அன்று இல்லை.

இதை ஒடுக்கப்பட்டவன் வென்ற கதை என்று மேடையில் முழங்கலாம். நமக்கு அப்படி முழங்கத் தோன்றவில்லை. நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர் ஒருவரை இருபத்தைந்து வயதுப் பலசாலி வென்றதில் வியப்பு என்ன? நம் கண்ணில் நிற்பது வேறு. துணி மடித்துக் கொடுத்தவன் அந்த மூன்றரை மணி நேரமும் ஒரு பூட்டில்கூடச் சிக்கவில்லை. பாடம் அவனுக்குள்ளும் முழுதாக இறங்கியிருந்தது. யாருக்குத் துணி மடிக்க மட்டும் தெரியும் என்று நினைக்கிறோமோ, அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அடுத்த ஆண்டே கார்லோசின் மகன் கார்ல்சன் கிரேசி, சந்தானாவை வென்று குடும்பத்தின் பெயரை மீட்டார். இந்தக் கார்ல்சன்தான் பிற்காலத்தில் தனித்தனி வகுப்பு முறையை விட்டு, பெருங்கூட்டமாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, காசில்லாத பையன்களையும் பாயில் ஏற்றியவர். குடும்பத்துக்குள்ளிருந்தே கதவு திறந்தது.

ஜியு-ஜிட்சு உடை வாங்கக் காசில்லாதவர்களுக்கு லூட்டா லிவ்ரே என்று இன்னொரு வழியும் இருந்தது. ‘தாட்டு’ என்ற பட்டப்பெயர் கொண்ட எவுக்ளிடெஸ் ஹாத்தெம் வளர்த்த கலை. அரைக்கால் சட்டை போதும். பிடித்து இழுக்கச் சட்டைக் கழுத்து இல்லாததால், உடம்பையே பிடிக்கப் பழகினார்கள்; காலைப் பூட்டுவதிலும் தேர்ந்தவர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் பல பத்தாண்டுப் பகை, தெருச் சண்டை வரை போனது. பெரும்பாலும் அதை வர்க்கச் சண்டை என்றே ரியோவில் புரிந்துகொண்டார்கள்.

‘புறநகர்க்காரன் வித்தை’ என்ன ஆயிற்று? இன்று உலகத்தின் பெரிய தரைச் சண்டைப் பள்ளிகளில் கால் பூட்டு தனிப் பாடமாக நடக்கிறது. நியூயார்க்கில் ஜான் டனஹர் என்ற ஆசிரியர் அதை ஒரு முழு முறையாகவே வகுத்தார். மனித உடம்பில் பாதியை ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்று டீன் லிஸ்டர் என்ற வீரர் கேட்ட கேள்விதான் தன்னை யோசிக்க வைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஃபத்தாவின் பையன்கள் அந்தப் பாதியை 1950-களிலேயே விட்டுவைக்கவில்லை.

விதியை எழுதுகிறவர்கள்

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி. எட்டுப் பேர், ஒரே இரவு. எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, அதிகம் சதை இல்லாத உடம்போடு வந்து மூன்று பேரைத் தரையில் வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில், தன்னைவிட முப்பது கிலோவுக்கும் மேல் கூடுதலான டேன் செவர்ன் என்ற மல்லருக்குக் கீழே ஏறத்தாழ 16 நிமிடம் கிடந்தார். செவர்ன் நசுக்கிக்கொண்டே இருந்தார். ராய்ஸ் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அதே முக்கோணப் பூட்டு, செவர்ன் தட்டினார்.

காத்திருக்க முடிந்தது எதனால்? நேர வரம்பு இல்லை. போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரே ராய்சின் அண்ணன் ரோரியன். விதியில் அவர்கள் வீட்டுக் கை இருந்தது. அன்று ஆட்டம் நீண்டு, வீட்டில் காசு கட்டிப் பார்த்தவர்கள் பலருக்கு முடிவைக் காட்டாமலே ஒளிபரப்பு நின்றுபோனது. அடுத்த போட்டியிலேயே நேர வரம்பு வந்துவிட்டது. இப்போது சாதாரணப் போட்டி ஐந்து நிமிடச் சுற்று மூன்று. பட்டப் போட்டி ஐந்து சுற்று. கீழே வேலை எதுவும் நடக்கவில்லை என்று தோன்றினால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடலாம். புள்ளி போடுகிறவர்களின் கண்ணும் மேலே இருப்பவர் பக்கமே சாய்கிறது.

ஆகவே தந்திரமும் மாறியது. இன்று கீழே விழுந்தவர் காத்திருந்தால் காகிதத்தில் தோற்றுவிடுவார். விழுந்த கணமே கையையோ கழுத்தையோ தேட வேண்டும். இல்லையென்றால் எதிராளி ஊன்றிய கையைத் தட்டிவிட்டு உருட்டி மேலே வர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூண்டின் ஓரத்துக்கு நழுவிப் போய், முதுகை வலையில் சாய்த்து, ஒரு முழங்காலை மடக்கி எழுந்துவிட வேண்டும். கீழே கிடந்தே வெல்லலாம் என்ற பழைய உண்மை இன்றும் உண்மைதான். ஆனால் கடிகாரம் யார் கையில் என்று பார்த்துத்தான் கிடக்க வேண்டும். மேடையில் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்தும் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் தோற்ற அனுபவம் நம் இயக்கங்களுக்கும் உண்டு, அது வேறு கதை.

இந்தக் கலை இன்று யார் கையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு பேரைச் சொல்வோம். மனாவுஸ் நகரின் ஏழைப் பையனாக ரியோவுக்கு வந்து, பயிற்சிக் கூடத்திலேயே படுத்துறங்கிப் பயின்று, யு.எஃப்.சி.யின் உலகப் பட்டம் வென்றவர் ஜோசே ஆல்டோ. அவருடைய நோவா உனியாவோ அணியை நிறுவிய இருவரில் ஒருவர் ஃபத்தாவின் குரு வழியில் வந்தவர். ரயிலோரத்துப் பாடம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொருவர் சார்ல்ஸ் ஒலிவேரா. சாவோ பாவ்லோ மாநிலத்தில் குவாருஜா நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறு வயதில் இதயக் கோளாறு, வாத நோய். விளையாடவே கூடாது என்றார்கள் மருத்துவர்கள். யு.எஃப்.சி. வரலாற்றில் அதிகம் பேரைப் பூட்டித் தட்ட வைத்தவர் இன்று அவர்தான். 2022 மே மாதம் ஜஸ்டின் கேத்ஜி என்ற பயங்கரமான குத்துக்காரரோடு மோதினார். அதற்கு முதல் நாள் எடை பார்த்தபோது அரை பவுண்டு கூடுதல், அதாவது கால் கிலோகூட இல்லை. அதற்காக அவர் கையிலிருந்த பட்டம் போயிற்று. மறுநாள் கூண்டில் கேத்ஜி அவரை அடித்து வீழ்த்தினார். சாதாரணமாக, விழுந்தவன் மேல் பாய்ந்து முடிப்பதுதான் வழக்கம். கேத்ஜி பாயவில்லை. ஒலிவேரா மல்லாந்து கிடந்து கால்களை விரித்துக் காத்திருக்கிறார். நின்றுகொண்டிருப்பவர் இரண்டடி பின்வாங்குகிறார். எழுந்து வா என்கிறார். வீழ்த்தியவனுக்கு வீழ்ந்தவன் பக்கத்தில் போகப் பயம். அந்தக் காட்சியை நாம் பையன்களோடு சேர்ந்து நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அதே சுற்றில் ஒலிவேரா கேத்ஜியை வீழ்த்தி, முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டி முடித்தார்.

தங்கைகளுக்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். ரஃபயேலா சில்வா. ரியோவின் சிடாடே டி டேயுஸ் குடிசைப் பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பெண். தரைச் சண்டையில் பெயர் பெற்ற ஜூடோ வீரர் ஃபிளாவியோ கான்டோ தொடங்கிய இலவசப் பயிற்சி மையத்தில் ஜூடோ கற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எதிராளியின் காலைக் கையால் பிடித்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஜூடோவில் அந்தப் பிடி அப்போது விதிமீறல்தான், அதில் வாதமில்லை. ஆனால் அன்றிரவு சமூக வலைத்தளங்களில் அவருக்கு வந்தது விதியைப் பற்றிய பேச்சா? குரங்கு என்றார்கள். கூண்டில் இருக்க வேண்டியவள் என்றார்கள். விளையாட்டையே விட்டுவிடும் நிலைக்குப் போனவர், அடுத்த ஆண்டே உலகப் பட்டம் வென்றார். 2016-ல் தன் சொந்த நகரமான ரியோவில் 57 கிலோ பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் பிரேசிலுக்கு அதுதான் முதல் தங்கம்.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செல்போனைப் பார்த்துக் கழுத்துப் பூட்டு, கால் பூட்டு எதையும் நண்பன் மேல் முயன்று பார்க்காதீர்கள். கழுத்துப் பூட்டில் நினைவு தப்பச் சில வினாடிகள் போதும். முழங்காலைத் திருகும் பூட்டுகளில் வலி தெரியும் முன்பே தசைநார் அறுந்துவிடும். கற்றுத்தர ஆள் வேண்டும், மெத்தைப் பாய் வேண்டும், தட்டினால் உடனே விடும் பழக்கம் வேண்டும். கூண்டுச் சண்டைக்குப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ இருக்கிறது. மாயேதா கொண்டுபோனதும் அதுதான். உடற்கல்வி ஆசிரியரிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள்.

போன ஞாயிறு அந்தத் தம்பிக்கு ஃபத்தாவின் கதையைச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, “அவங்க ரயில்ல போனாங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டான். பிறகு நூலகத்துக்குப் பின்னால் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்து, அந்த இறால் அசைவைப் பழகத் தொடங்கினார்கள். இடுப்பு நழுவவில்லை, தோள்தான் உருண்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “காலை ஊனாம எப்படிடா நகருவே?” என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, சாக்கில் மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி ஒரு சாண் நகர்ந்து காட்டினாள்.

பள்ளி அணிக்கு மறுபடி ஆள் எடுப்பது அடுத்த மாதம் என்று சொல்கிறார்கள். கபடி விதிப் புத்தகம் ஒன்று வாங்கி, கணுக்கால் பிடி பற்றிய பக்கத்தை மடித்துக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்கு நாமும் கூடப் போகிறோம்.